பாலில் இறங்கிய காய்ச்சல்

கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் ஒரு மனிதன் தானாக விட்டுவிட முடியுமா என்று இப்போது பேத்தி வயதுப் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, கண் கலங்கி வந்து கேட்கிறார்கள். தானாக விட முடியுமா என்பது எனக்குத் தெரியாது. நான் விட்டது தானாக அல்ல. நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், என்னைக் கேட்காமல், என் பெயரில் வேறொருவர் விட்டுவிட்டார். அந்த உத்தரவு இன்றுவரை ரத்தாகவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் கொடைக்கானலில் வருவாய்த் துறையில் உதவியாளர். அட்டுவம்பட்டியில் வாடகை வீடு. நான், மனைவி, ஐந்து வயது மகள். ஞாயிற்றுக்கிழமை சந்தை, அன்றைக்குக் கறி. வார நடுவில் முட்டை. மழை அடித்து எங்கும் போக முடியாத நாட்களில் கருவாடு. இடையில் எந்நேரமும் காப்பி. மலைக்குளிரில் பால் காப்பி என்பது உணவு அல்ல, உடுப்பு.

அந்த ஆண்டு துறைத் தேர்வு எழுத ஒரு வாரம் மதுரைக்குப் போனேன். அலுவலக நடைமுறைத் தாளில், ஓர் அதிகாரியின் சார்பாக இன்னொருவர் எந்தெந்தச் சூழ்நிலையில் கையெழுத்திடலாம், எப்போது இடக் கூடாது என்று ஒரு கேள்வி. நாலு பக்கம் எழுதினேன். முறையான எழுத்து மூலமான அதிகாரம் இல்லாமல் ஒருவர் பெயரில் இன்னொருவர் செய்யும் எதுவும் செல்லாது என்று அழுத்தம் திருத்தமாக முடித்தேன். அதை நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரில் என் பெயரில் எல்லாம் முடிந்திருந்தது.

பஸ் விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தாள். முகம் பாதியாக இளைத்திருந்தது. மனைவி ஒரு வாரம் தூங்காத கண்களோடு நின்றாள். டைபாய்டு. நான் போன மறுநாளே காய்ச்சல் ஏறியிருக்கிறது.

“ஏன் ஒரு தந்தி அடிக்கல?”

“அடிச்சா பரீட்சையப் போட்டுட்டு ஓடியாருவீக. அடுத்த வருசம் அதே பரீட்சைக்குப் படிக்கிறேன்னு என் உசுர வாங்குவீக.”

அது உண்மை. அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கறுப்பாக இருந்தது.

“பால் இல்லையா?”

“இருக்கு. பாப்பாவுக்கு இருக்கு, எனக்கு இருக்கு.”

“எனக்கு?”

“உங்களுக்கு இனிமே இல்லங்க,” என்றாள். அதைச் சொன்ன விதம், வேலைநீக்க ஆணையை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் அதிகாரியின் குரல்.

நடந்தது இது. ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கிய அன்று டாக்டர், காய்ச்சல் இறங்க நாலைந்து நாளாகும் என்று சொல்லியிருக்கிறார். அதை இவள் காதில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பழனி மலை தெரியும் முருகன் கோயிலுக்கு நடந்தே போயிருக்கிறாள். கோயிலுக்குப் பின்னால் நின்று பார்த்தால், வெயில் நாளில் கீழே வெகு தூரத்தில் பழனிக் கோயில் தெரியும். அங்கே நின்று, பிள்ளை பிழைத்தால் என் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் கறி தின்ன மாட்டார் என்று வேண்டியிருக்கிறாள்.

“காச்சல் எறங்கல. மறுநாளு போயி முட்டையச் சேத்தேன். அன்னைக்கும் அனலாக் கெடந்தா. மீனையும் கருவாட்டையும் சேத்தேன். எறங்கல. நாலாம் நாளு, இதுக்கு மேல என்னத்தக் குடுக்கன்னு அழுதுகிட்டே நின்னேன். சரி முருகா, பாலு, மோரு, நெய்யி, உசுருள்ளதுக்கிட்ட இருந்து வர்றது எதையும் அவுக வாயில வைக்க மாட்டாகன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து தொட்டுப் பாத்தா, வேர்த்திருந்துச்சு.”

ஏலத்தில் கேட்பு உயர்ந்துகொண்டே போய், பாலில் சுத்தியல் விழுந்திருக்கிறது.

“நாலாம் நாள் மருந்து வேலை செஞ்சிருக்கு. டாக்டர் சொன்னபடியே.”

“மருந்தும்தான்,” என்றாள்.

“சரி, வேண்டுறவ உன் பேர்ல வேண்டியிருக்கலாமே?”

“நான் கறி திங்கிறது ஒரு துண்டு. அதக் குடுத்தா சாமிக்கு என்ன பெருசா வந்துறப் போகுது? வீட்டுல அள்ளித் திங்கிறது யாரு? அதத்தானே குடுக்கணும்.”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் நான் நடைமுறை தெரிந்தவன், தோற்றுப்போக மாட்டேன். அடுத்த ஒரு மாதம் வீட்டில் மேல்முறையீடு நடத்தினேன். பாதிக்கப்படுகிறவருக்கு முன்னறிவிப்புத் தராமல், அவர் தரப்பைக் கேட்காமல் பிறப்பிக்கும் எந்த ஆணையும் செல்லாது. ஒரு சாதாரணப் பியூனைத் தண்டிப்பதென்றால்கூட 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைக்க வேண்டும் என்றேன். நாலு நாளும் மேகம் மூடியிருந்ததாக அவளே சொல்கிறாள், பழனி மலை தெரியவே இல்லை, ஆகவே மனு உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கே ஆதாரம் இல்லை என்றேன். குறைந்தபட்சம் ஏறிய வரிசையில் திரும்ப இறங்கலாம், முதல் கட்டமாகப் பாலை விடுவிக்கலாம் என்றேன்.

“மத்ததெல்லாம் வேணா ஒருநாளு பேசலாம்,” என்றாள். “பாலப் பத்தி மட்டும் பேசாதீக. பாலுலதான் எறங்குச்சு.”

இதற்கு மேல் பேச முடியாமல் போனதற்குக் காரணம் என் பக்தி அல்ல. அப்போதும் எனக்கு அது கிடையாது. ஒரு நாள் அவள் கூடத்தில் இருக்கும்போது, விளையாட்டாக அவளுடைய காப்பி டம்ளரைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அவள் என்னைத் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. நேராக உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் நாக்கும் பிள்ளையின் நெற்றியும் அவளுக்குள் ஒரே கம்பியில் கட்டப்பட்டிருந்தன. அந்தக் கம்பியை அறுக்க எந்த விதியிலும் இடம் இல்லை.

ஆக, விட்டேன்.

விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: கறியை விடுவது பெரிய காரியமே அல்ல. கறி ஞாயிற்றுக்கிழமை நினைவு. பக்கத்துத் தெருவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று கருவாடு வறுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்க வேண்டியிருந்தது. கொல்லுவது மோர். ரசம் சோற்றோடு எழுந்தால், சாப்பாடு முடிந்துவிட்டது என்ற தகவல் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. கையைக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். மனைவி இரக்கப்பட்டு நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். விளக்கேற்றியிருந்தால் எரிந்திருக்கும், அவ்வளவு எண்ணெய். தேங்காய்ப் பால் சகிக்கும்படி இருந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் விருந்துக்கு வந்தவன் மாதிரி கூச்சமாக இருந்தது. கடைசியில் கடுங்காப்பியோடு சமாதானமானேன்.

காய்கறிக்குக் குறைவில்லை என்று நினைப்பீர்கள். கோஸ், கேரட், பீட்ரூட், பீன்ஸ், சௌசௌ எல்லாம் எங்கள் மலையில் விளைந்து, லாரி ஏறி ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போய், அங்கே தரகு கண்டு, அதே மலைக்குத் திரும்ப ஏறி வாடிய முகத்தோடு எங்கள் கடைத்தெருவுக்கு வரும். கண்ணெதிரே தோட்டத்தில் நிற்கும் கோஸைத் தின்ன, அது ஊர் சுற்றிவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அலுவலகக் கோப்புகளும் அப்படித்தான் போய்வரும் என்பதால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. சௌசௌ மட்டும் எங்கும் போகாது. வீட்டு வேலியிலேயே காய்த்துத் தொங்கும். அந்த ஒரு வருடத்தில் நான் தின்ற சௌசௌவுக்குச் சர்க்கார் எனக்குத் தனிப் படி கொடுத்திருக்க வேண்டும்.

வெளியே போனால் விசாரணைதான். பேக்கரியில் பன்னில் பால் சேர்க்கிறார்களா என்று கேட்டேன்.

“பன்னுக்குள்ள மாடெல்லாம் இல்ல சார், பயப்படாம தின்னுங்க,” என்றார் கடைக்காரர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேல தடவுறது முட்டை,” என்றார்.

பக்கத்து வீட்டு டீச்சர், எங்கள் பிள்ளை படித்த மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்தபோது நான் ஒவ்வொன்றாக மறுப்பதைப் பார்த்துவிட்டு, “சார், எங்களுக்கே லெந்து விரதம் நாற்பது நாள்தான் சார். நீங்க ஓவரா போறீங்க,” என்றார்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு காவல் இருந்தது. எங்கள் டபேதார். அதிகாரிகளின் முகாம்களுக்குக் கூட வருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் அடங்காதவர். என் மனைவி அவரிடம் நேரடியாகப் பேசி, முகாமில் நான் எதைத் தின்கிறேன் என்று பார்க்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தாள். எழுத்து மூலமான அதிகாரம் இதற்கும் கிடையாது.

அதிகாரி ஒருவரின் பிரிவு உபசார விருந்தில் எல்லோருக்கும் பிரியாணி. நான் வெறும் சோறும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். டபேதார் எனக்கு எதிரே இலையைப் போட்டு, எலும்பைச் சத்தமாக உறிஞ்சினார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க விட்டதையும் சேத்து யாராச்சும் திங்கணும்ல. இல்லாட்டி ஆடு வீணாப் போயிரும்.”

“உம்ம வாய்க்கும் ஒரு வேண்டுதல் வைக்க ஆள் இல்லாமப் போச்சே.”

“எம் பொண்டாட்டி வெவரமானவ சார். நான் சாராயத்த விடுவேன்னு வேண்டுனா. சாமியே நம்பல.”

ஆறேழு மாதம் கழித்து, வேலையாகப் பழனிக்குப் போனபோது கோயிலில் குருக்கள் ஒருவரிடம் என் வழக்கைச் சொன்னேன். கூட்டம் இல்லாத நேரம். பொறுமையாகக் கேட்டார்.

“ஆத்துக்காரி வேண்டிண்டது. நீங்க வந்து குறைச்சுக்கோன்னா எப்படி? வேண்டிண்டவாதான் வந்து சொல்லணும்.”

“நீங்க ஒரு தளர்வு கொடுக்க முடியாதா?”

“நான் மனுவை உள்ளே கொண்டு வைக்கற ஆள் சார். உத்தரவு போடற ஆள் அந்தண்டை நிக்கறார்,” என்று கருவறைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு பஞ்சாமிர்தத்தை ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். “நெய் இருக்குமே.”

“ஸ்வாமி பிரசாதத்தையே வேண்டாங்கறேளா?”

“ஸ்வாமிக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் வேண்டாங்கறேன்.”

குருக்கள் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கருவறையையும் ஒருமுறை பார்த்தார். “எனக்கு இதுவரைக்கும் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை,” என்று சொல்லிவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்தில் கவிழ்த்தார். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாக இருந்தது. தணிக்கையில் யாரும் கண்டுபிடிக்காத பிழையைக் கண்டுபிடித்தவனின் பெருமை.

அந்தப் பெருமைதான் கெடுத்தது.

மறு வருடம் மழைக்கு முன், கீழ்மலைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு விசாரணைக்குப் போனேன். அங்கே மலைமக்கள் ஏழெட்டுக் குடும்பங்கள். பிள்ளைகள் இருவர் விடுதியில் சேரச் சாதிச் சான்று வேண்டும். நேரில் போய் விசாரிக்காமல் சான்று கொடுக்கக் கூடாது. ஜீப் போகாத தூரம் நடந்தோம், நானும் டபேதாரும். பிள்ளைகளின் தகப்பன் அப்போதுதான் காட்டிலிருந்து வந்திருந்தார். நான் அவருடைய பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன்.

“எத்தன தலமொறையின்னா எப்படிச் சொல்ல சாமி? இந்தக் காடு இருக்கிறதுல இருந்து இருக்கோம்.”

“அதுக்கு ஆதாரம் ஏதாவது உண்டா?”

“காடு இருக்குல்ல,” என்றார்.

பதிவேட்டில் அதை எப்படி எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் மனைவி இலையில் வேகவைத்த வள்ளிக்கிழங்கு கொண்டுவந்து வைத்து, மேலே எதையோ ஊற்றினார். காலையிலிருந்து நடந்த பசி. கிழங்கு மண்ணில் விளைவது, கேள்வியே இல்லை. தின்றேன். மேலே ஊற்றியது தொண்டையில் இறங்கியபோது, ஒரு வருடமாக வாய் மறந்திருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்த மாதிரி இருந்தது. இலையை வழித்து விரலையும் நக்கினேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

திரும்பி நடக்கும்போது, டபேதார் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார்.”

“என்ன?”

“தேனீக்கு உசுரு உண்டுமா சார்?”

நின்றுவிட்டேன். பஞ்சாமிர்தத்தில் நெய்யைக் கையும் களவுமாகப் பிடித்தவன், அதே பாத்திரத்தில் இருந்த தேனைக் கோட்டைவிட்டிருக்கிறேன். என் பட்டியலில் ஈ, பூச்சி என்ற தலைப்பே இல்லை.

“தேன் பூவிலிருந்து வர்றது. ஈ அதைச் சுமந்துக்கிட்டு வருது, அவ்வளவுதான்,” என்றேன்.

“அப்பிடிப் பாத்தா பாலும் புல்லுலருந்துதான் சார் வருது. மாடு சும்மா செமந்துக்கிட்டுத் திரியுது.”

“நீர் வாயை மூடிக்கிட்டு வாரும்.”

“நான் மூடிக்கிருவேன் சார். அம்மா கேக்காத வரைக்கும் மூடிக்கிருவேன். கேட்டா, என்னால பொய் சொல்ல முடியாது. எனக்கும் பேரப்புள்ளைக இருக்கு.”

அன்று நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபோது மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது.

பொன்னுக்கு வீங்கி. அவள் வகுப்பிலேயே ஐந்து பிள்ளைகளுக்கு அதே நோய் என்று டீச்சர் சொன்னார். டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை, நாலு நாளில் வீக்கம் வடியும் என்றார். எல்லாம் எனக்குத் தெரியும். மனைவி வழக்கப்படி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“காட்டுல எதாச்சும் வாயில வச்சீகளா?”

“கிழங்கு.”

தணிக்கைக் கேள்விகளுக்கு நான் வருடக்கணக்காக எழுதிப் பழகிய பதில் அது. உண்மை, முழுமை இல்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, ஈரத்துணி எடுக்கப் போனாள். நம்பிவிட்டாள்.

மறுநாள் மறுபக்கத் தாடையும் வீங்கியது. காய்ச்சல் ஏறியது. அலுவலகத்தில் என்னால் ஒரு தாளும் படிக்க முடியவில்லை. மனது தானாகக் கணக்குப் போட்டது: கிழங்கு தின்றபோது ஏறக்குறைய பதினொரு மணி, பிள்ளைக்கு மேல் சுட ஆரம்பித்தது மத்தியானம் என்று டீச்சர் சொன்னார். அர்த்தமில்லாத கணக்கு. நோய் பிடித்தது அதற்கு இரண்டு வாரம் முன்பாக இருக்கும் என்று டாக்டரே சொன்னார். இருந்தும், பதினொரு மணியும் மத்தியானமும் மாறி மாறி வந்தன. மூன்று மணிக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. கால் கோயில் பக்கம் போயிற்று.

மேகம் மூடியிருந்தது. பழனியும் இல்லை, கீழே ஊரும் இல்லை, இரண்டடி தள்ளி வேலிகூட இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நின்றேன். இந்த மாதிரி மனுவுக்குப் படிவம் எதுவும் எனக்குத் தெரியாது. தேன் தெரியாமல் நடந்தது என்றேன். பிறகு, அவள் செய்தது போல் ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. தேடினேன். கறி போயிற்று, மீன் போயிற்று, முட்டை, பால், மோர், நெய் எல்லாம் போயிற்று. அவள் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். என்னிடம் மிச்சம் இருந்தது கடுங்காப்பியும் சௌசௌவும். அந்த இரண்டையும் கொடுத்தால் அது காணிக்கை அல்ல, கழிவு.

எங்கள் வீட்டில் அப்போது ருசி என்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் அவள் குடிக்கும் பால் காப்பி. எல்லா வேலைக்கும் முன்பு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, யாரோடும் பேசாமல், சூடு குறையக் குறைய மடக்கு மடக்காகக் குடிப்பாள். நாள் முழுவதும் அவளுக்கென்று இருந்த நேரமே அவ்வளவுதான்.

“அவளும் இனிமே பால் காப்பி குடிக்க மாட்டா,” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

பாதி வழி இறங்கி வந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. ஒரு மாதம் முழுக்க வீட்டில் முன்னறிவிப்பு, ஒப்புதல், அதிகார வரம்பு என்று வகுப்பு எடுத்தவன்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வீக்கம் இருந்தது, ஆனால் பிள்ளை எழுந்து, பசிக்கிறது என்று கத்தினாள். மனைவி சிரித்துக்கொண்டே அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, இரண்டு நாளாகப் போடாத காப்பியைப் போட்டாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

நான் மகளின் கன்னத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது மடக்கு. நான் எழுந்துபோய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. மூன்றாவது மடக்குக்கு அவள் டம்ளரைத் தூக்கியபோது, அடுப்படிக்கு ஓடினேன்.

“அத வச்சிரு,” என்றேன்.

“எத?”

சொன்னேன். முதலில் தேனை. அவள் முகம் மாறியது.

“கெழங்குன்னு சொன்னீக.”

“கிழங்குதான். மேல தேன் ஊத்தியிருந்துச்சு. ஈன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அந்த டபேதாரும் கூடத்தான வந்தாரு? அவரும் சொல்லலயே.”

“நீ கேட்டாச் சொல்லுவேன்னாரு.”

“அப்பறம்?”

பிறகு கோயிலுக்குப் போனதைச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “நீங்களா?” என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன கொடுத்தேன் என்று கேட்டாள். என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை என்று சுற்றி வளைத்து ஆரம்பித்து, கடைசியில் அவள் கையிலிருந்த டம்ளரைக் காட்டினேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“என்னயக் கேட்டீகளா?”

“இல்ல.”

“நோட்டீசு குடுத்தீகளா?”

“இல்ல.”

“அப்ப, நான் சொன்னப்ப மட்டும் அம்புட்டு ரூல்ஸ் பேசுனீக? பதினேழு பீ, அது இதுன்னு?”

அவள் இன்னும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு மொடக்குக் குடிச்சுட்டனே,” என்று சொல்லிவிட்டு, நேராக உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குருக்கள் சொன்னபடி, வேண்டியவர்தான் வந்து சொல்ல வேண்டும். அதன்படி என்னைப் பாலிலிருந்து விடுவிக்க அவளால் முடியும், அவளைக் காப்பியிலிருந்து விடுவிக்க என்னால் முடியும். இருவருக்கும் இது தெரியும். கோயில் நடந்துபோகும் தூரம்தான். எண்பதுகளில் மாற்றலாகிக் கீழே போகும்வரை, அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறோம். ஒருவரும் மற்றவரை அழைத்ததில்லை. மகள் பெரியவளாகி, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து கறி தின்று, இருவரையும் பைத்தியம் என்று சொன்ன பிறகும் போகவில்லை. எனக்கு இன்றும் அதில் நம்பிக்கை கிடையாது. சோதித்துப் பார்க்கிற துணிச்சலும் கிடையாது. ஒருவன் இப்படி மாற முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மனம் மாறாமலும் மாறலாம்.

அவள் டம்ளரை மேடையில் வைத்த அன்று காலை பால்காரர் வந்தபோது மனைவிதான் வாசலுக்குப் போனாள். மலையிறக்கத்தில் இருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். இருமிக்கொண்டே அளவையை எடுத்தார்.

“நாளைலருந்து பாதி போதுங்க. பாப்பாவுக்கு மட்டும்.”

“ஏந்தாயி? வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்,” என்றாள். “அதுனாலதான்.”